34 செ.மீ. குழாய்: கார் சப்வூஃபர் பாக்ஸ் கணக்கு

தாமல்ல எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் வாடகைக் கார் ஓட்டுறான். டிக்கியில 12 இன்ச் சப்வூஃபர் வெச்சான். தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர் போர்ட்டோட பாக்ஸ் அடிச்சுக் கொடுத்தார். பத்து நாள்ல 'டக் டக்'னு ஒரு சத்தம், அப்புறம் ஒண்ணுமே இல்லை. வூஃபர் மட்டம்னு திட்டிக்கிட்டிருந்தான். பாக்ஸை அளந்து பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது.

போர்ட் என்ன செய்யுதுன்னு தெரிய ஒரு கடம் போதும். வாசிக்கிறவங்க அதோட வாயை வயித்துல அழுத்தி மூடித் திறக்கும்போது 'கும்'முங்கிற சத்தத்தோட சுருதி இறங்கி ஏறும். உள்ளே இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். வாயருகே இருக்கும் காற்று அதில் மாட்டின எடை. வாய் குறுகினாலும், பானை பெருசானாலும், கழுத்து நீண்டாலும் சுருதி இறங்கும். இதே வித்தையை ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொண்டுவந்து 1932-ல் காப்புரிமை வாங்கினவர் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ். ஆனா அப்புறம் ரொம்ப நாள் எல்லாரும் தடவித் தடவித்தான் பெட்டி செஞ்சாங்க. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், அவருக்கு அப்புறம் ரிச்சர்ட் ஸ்மால், ரெண்டு பேரும் அதை ஒழுங்கான கணக்காக்கினாங்க. இன்னிக்கு வூஃபரோட வர்ற தாளில் இருக்கும் எஃப்.எஸ்., க்யூ.இ.எஸ். எல்லாம் அவங்க பேர்ல வழங்குற எண்கள்தான். முதல் எண்ணை ரெண்டாவதால வகுங்க. 50-க்குக் கீழ வந்தா மூடின பாக்ஸே நல்லது; 100-ஐ ஒட்டி வந்தா போர்ட் வைக்கலாம்.

பெட்டியோட சுருதியில் கோன் கிட்டத்தட்ட அசையாது, போர்ட்தான் பாடும். அந்தச் சுருதிக்குக் கீழே போனா தலைகீழ். காற்று தாராளமா உள்ள வெளிய போய் வர்றதால கோனைப் பிடிச்சு நிறுத்த எதுவும் இல்லை. சத்தமும் குறையும். சத்தம் பத்தலைன்னு நாம வால்யூமை ஏத்துவோம், காயில் பின்தட்டுல போய் மோதும். அந்த 'டக் டக்' அதுதான்.

இப்ப அவன் பாக்ஸ். வெளி அளவு 50 × 40 × 35 செ.மீ., அதாவது 70 லிட்டர். 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை கனத்தைக் கழிச்சா உள்ளே 53 தான்! வூஃபரோட பின்பக்கம் ஒரு இரண்டரை லிட்டர் பிடிக்கும், குழாயே ஒரு மூணு லிட்டர். மிச்சம் சுமார் 47.

குழாய் வாயின் பரப்பை, பெட்டிக் கொள்ளளவையும் குழாய் நீளத்தையும் பெருக்கி வந்ததால வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 55-ஆல பெருக்கினா ஹெர்ட்ஸ் வரும். எல்லாம் மீட்டர் கணக்குல. 10 செ.மீ. உள்விட்டம் உள்ள குழாய்க்கு நீளத்தோட 7 செ.மீ. சேர்த்துக்கணும், முனைக்கு வெளியே இருக்கும் காற்றும் கூடவே ஆடும். ஆசாரி வெச்ச குழாய் 10 செ.மீ. நீளம், கண்ணளவு. சுருதி சுமார் 53 ஹெர்ட்ஸ்! பேஸ் கிட்டாரோட அடித் தந்தியே 41 ஹெர்ட்ஸ். பாட்டோட அடிப்பாகம் முழுக்க ஆபத்தான பக்கம் விழுந்துடுச்சு.

35 ஹெர்ட்ஸ் வேணும்னா 34 செ.மீ. குழாய் வேணும். பெட்டியோட உள் ஆழமோ 31 தான். எல்போ போட்டு மடக்கலாம், நீளத்தை நடுக்கோட்டுல அளக்கணும். உள்முனைக்கும் பலகைக்கும் நடுவுல குழாய் விட்டம் அளவாவது இடம் விடணும். குறுகலான குழாய் போட்டா நீளம் மிச்சமாகும், ஆனா சத்தமா வெச்சா 'புஸ் புஸ்'னு காத்து சீறும். ஆம்ப்ல சப்சானிக் ஃபில்டர் இருந்தா 30 பக்கம் வைங்க. 35 ஹெர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட 10 மீட்டர் நீளம். கார் கேபின் அதைவிட ரொம்பச் சின்னது. அதனால இந்த அடி ஓசையை கேபினே தூக்கிக் கொடுக்கும், அதுக்காக ஆம்ப்ல பேஸ் பூஸ்ட் தேவையில்லை.

புது வூஃபர் வந்ததும் வேணும்னே 38 செ.மீ.க்கு நறுக்கினோம், குழாயை அறுக்கலாம், வளர்க்க முடியாது. ஏரிக்கரையில காரை நிறுத்தி, போன்ல டோன் ஜெனரேட்டர் போட்டு, கோனையே பாத்துக்கிட்டு ஒவ்வொரு ஹெர்ட்ஸா இறக்கினோம். 33-ல கோன் நின்னுது. ரெண்டு செ.மீ. அறுத்தோம், 34. அதோட விட்டுட்டோம்.