குப்பிக்குள் பத்துப் பேர்

தடுப்பூசிக் காலம் - தொடர் 8

கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டின் குப்பி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். உள்ளே 5 மில்லி மருந்து. ஆளுக்கு அரை மில்லி என்றால் பத்துப் பேருக்கு வரும். ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அங்கிருந்து 4 மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் மீதி ஒன்பது பேரும் வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வராவிட்டால், மிஞ்சிய மருந்து வீண்.

குளிர்ப்பெட்டிகளில் அடுக்கிய மருந்து மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சேர்ந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் அந்தக் குப்பியைத் திறந்த கைகளிடம் வருவோம்.

2021 மார்ச் மாதம். 60 வயது கடந்தவர்களுக்கும், 45 வயதுக்கு மேல் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற நோய் உள்ளவர்களுக்கும் அப்போதுதான் ஊசி தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த செவிலியர் ஒருவர் அந்த மாதத்தைப் பற்றிச் சொல்லும்போது, காலை பதினொரு மணியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்பது மணிக்கே மருந்து வந்துவிடும். பதினொரு மணிக்குப் பெஞ்சில் ஆறு பேர் இருப்பார்கள். ஏழாவது ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு பேருக்காகக் குப்பியைத் திறந்தால் நான்கு டோஸ் வீண். மாலையில் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால் ஆறு பேரையும் நாளைக்கு வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருநாள் அப்படிச் சொன்னபோது ஒரு பெரியவர் எழுந்திருக்கவே இல்லையாம். “நாளைக்கு யாரு தாயி என்னைய வண்டியில கூட்டிட்டு வருவா?” என்று கேட்டாராம். அன்றைக்குக் குப்பியைத் திறந்துவிட்டதாகச் சொன்னார்.

அந்த வீணடிப்புதான் சில வாரங்களில் நாடு முழுக்கச் செய்தியானது. 2021 ஏப்ரல் 11 வரையிலான கணக்கு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்தது. தடுப்பூசியை அதிகம் வீணடித்த மாநிலம் தமிழ்நாடு, 12.10 சதவிகிதம் என்றது அந்தக் கணக்கு. பொதுச் சுகாதாரத்தில் முன்னோடி என்று பெயர் வாங்கிய மாநிலத்துக்கு இது பெரிய தலைக்குனிவாகப் பேசப்பட்டது. அலட்சியம், பயிற்சிக் குறைவு என்றெல்லாம் எழுதினார்கள்.

பிறகு நடந்ததை அதே அளவுக்கு யாரும் எழுதவில்லை. அதே ஆண்டு மே 1 முதல் ஜூலை 13 வரை தமிழ்நாடு தனக்கு வந்த மருந்தைவிட 5.88 லட்சம் டோஸ் கூடுதலாகப் போட்டிருந்தது. இதை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது ஒன்றிய அரசு. வந்ததைவிட அதிகமாக எப்படிப் போட முடியும்? ஊசியில் ஏற்றும்போது சிந்திப்போகும் என்று ஒவ்வொரு குப்பியிலும் கொஞ்சம் கூடுதலாகவே மருந்து நிரப்புகிறார்கள். ஒரு சொட்டும் சிந்தாமல் எடுத்தால் பதினோராவது ஆளுக்கும் கிடைக்கும். கேரளம் இதை முன்பே செய்துகாட்டியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன், வந்தவை 73,38,806 டோஸ், போட்டவை 74,26,164 டோஸ் என்று தங்கள் செவிலியர்களைப் பாராட்டி அறிவித்தார்.

ஏப்ரலில் வீணடித்த கைகளும் ஜூலையில் சொட்டுச் சொட்டாகச் சேமித்த கைகளும் ஒன்றுதான். அதே செவிலியர்கள், அதே ஊசி, அதே குப்பி. இடையில் மாறியது வாசலில் நின்ற கூட்டம். ஏப்ரலில் குறை மருந்தறைக்குள் இல்லை. பெஞ்ச் காலியாக இருந்ததுதான் குறை. அந்தப் பெஞ்ச் ஏன் காலியாக இருந்தது என்று கேட்காமல் சதவிகிதத்தை மட்டும் கேட்டதை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

மக்கள் அறியாமையால் வரவில்லை என்பது எளிதான பதில். முதலில் வராதவர்கள் யார் என்று பாருங்கள். 2021 ஜனவரி 16 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தமிழ்நாட்டின் தடுப்பூசிப் பணி தொடங்கியது. 166 மையங்கள், மையத்துக்கு 100 பேர் என்பது திட்டம். முழுக்க முழுக்க மருத்துவப் பணியாளர்களுக்கான நாள் அது. வந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மருத்துவம் படித்தவர்களே ஒதுங்கி நின்றதற்குக் காரணம் இருந்தது. மூன்றாம் கட்டப் பரிசோதனையின் செயல்திறன் முடிவுகள் வருவதற்கு முன்பே, ஜனவரி 3 அன்று, இன்னொரு தடுப்பூசியான கோவாக்சினுக்கு அவசரகால அனுமதி கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொள்பவர்கள் தனியாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பரிசோதனையின் முதல் முடிவு மார்ச் 3 அன்றுதான் வந்தது. அந்த இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று ஒரு மருத்துவர் நினைத்தால் அதை எச்சரிக்கை என்போம். ஒரு விவசாயக் கூலி நினைத்தால் மட்டும் அறியாமை என்பது என்ன நியாயம்?

கூலி வேலைக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரலாம் என்று செவிலியரே சொல்லி, பாராசிட்டமால் மாத்திரையும் கையில் கொடுத்து அனுப்பினார். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 273 ரூபாய். காய்ச்சலில் படுத்தால் இரண்டு நாள் கூலி போய்விடும். அதை ஈடுகட்ட யாரும் இல்லை. மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஊசி போட்டு, சனி ஞாயிறு ஓய்வெடுத்தார். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. புருஷன் இந்த வாரம், பெண்டாட்டி அடுத்த வாரம் என்று முறை வைத்துக்கொண்ட வீடுகள் பல. இரண்டு பேரும் ஒன்றாகப் படுத்துவிட்டால் அடுப்பு எரியாது, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இருக்காது. முகாம் அட்டவணை போட்டவர்கள் இந்த முறையைத் தெரிந்துகொண்டு போட்டிருந்தால் எத்தனையோ பேர் முன்னதாகவே வந்திருப்பார்கள்.

ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. நடிகர் விவேக் 15ஆம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்றுதான் அரசு மருத்துவமனையைத் தேடிப்போய், கேமராக்களுக்கு முன்னால் பேசினார். 17ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத்துறையும் உடனே விளக்கினார்கள். தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து அதையே சொன்ன செய்தி வெளிவந்தது அக்டோபரில். பயம் அன்று காலையே வீட்டுக்கு வீடு போய்விட்டது. ஆய்வு முடிவு வர ஆறு மாதம் ஆனது. இந்த இடைவெளியை மக்களின் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதக் கூடாது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறையாவது வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். ஊருக்கு நல்லது செய்யப் போன அந்த மனிதரின் பெயரிலேயே பயம் பரவியது எனக்கு இன்றும் பெரிய வருத்தம்.

பெண்களின் அனுபவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி கூடாது என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் அந்த ஏப்ரலில் சுற்றியது. பொய் என்று அரசு மறுத்தது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஊசி கிடையாது என்று முதலில் சொன்னது அரசுதான். பாலூட்டுபவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று மே 19 அன்று மாற்றினார்கள்; கர்ப்பிணிகளுக்கு அனுமதி ஜூலை 2. இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் காத்திருந்தார்கள். பிறகு, “உங்களுக்கு வேண்டாம்மா” என்று சொன்ன அதே நர்சம்மா வீடு தேடி வந்து “கட்டாயம் போட்டுக்கணும்மா” என்றார். ஏன் மாறியது என்ற கேள்விக்கு அவர் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பிணிகளிடம் நடந்த பரிசோதனைத் தரவு முதலில் போதவில்லை, இப்போது நோயின் ஆபத்துதான் பெரிது என்று தெரிந்துவிட்டது என்பதை அவரவருக்குப் புரியும் மொழியில் சொன்னவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். புதன்கிழமை தோறும் குழந்தைகளுக்கு ஊசி போட்டு, பிரசவத்துக்கு நாள் கணக்கிட்டு, அந்தத் தெருவில் யார் மருமகள் எப்போது முழுகாமல் இருக்கிறாள் என்று அறிந்தவர்கள் அவர்கள்தான். அமைச்சர் சொன்னதைவிட அவர்கள் சொன்னதுதான் எடுபட்டது.

மே மாதம் எல்லாம் தலைகீழாயிற்று. மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸிலேயே காத்திருந்த நாட்கள் அவை. மார்ச்சில் கூப்பிட்டும் வராதவர்கள் விடிவதற்கு முன்பே செருப்பை வரிசையில் போட்டு இடம் பிடித்தார்கள். இப்போது மருந்து இல்லை. டோக்கன் ஐம்பது, நூறு என்று கொடுத்துவிட்டுக் கதவை மூடினார்கள். ‘தடுப்பூசி இருப்பு இல்லை’ என்ற தாள் வாசலில் ஒட்டப்பட்டது. 3.5 கோடி டோஸ் வாங்க மாநில அரசு கோரிய உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒரு நிறுவனமும் முன்வரவில்லை.

18 முதல் 44 வயதுக்காரர்களுக்கு ஊசி உண்டு என்று மே 1 முதல் அறிவித்திருந்தார்கள். ஆனால் அரசின் கோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்தால்தான் உண்டு. நேரில் வந்து பதியலாம் என்ற தளர்வு மே 24 அன்றுதான் வந்தது. ஸ்மார்ட்போனும் வேகமான இணையமும் வைத்திருந்த, ஆங்கிலம் தெரிந்த நகரத்து இளைஞர், கிராமத்து மையத்தில் இடம் பிடித்துக் காரில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஊர்க்காரர் வேலியோரம் நின்று பார்த்தார். ஜூன் தொடக்கத்தில் கோவின் தளத்தில் இந்திய மொழிகள் சேர்க்கப்பட்டபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்ப்பதாகச் சொன்னார்கள். தனியார் மருத்துவமனையில் கோவிஷீல்டுக்கு ஜூனில் நிர்ணயித்த உச்ச விலை 780 ரூபாய். நூறு நாள் வேலைக்காரருக்கு அது ஏறக்குறைய மூன்று நாள் கூலி. உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்த வழக்கில், 18 - 44 வயதினரைப் பணம் கொடுத்து வாங்க வைக்கும் கொள்கை நியாயமற்றதாகத் தெரிகிறது என்றது. இணையம் இல்லாதவர் என்ன செய்வார் என்றும் கேட்டது. ஜூன் 21 முதல் எல்லாருக்கும் ஒன்றிய அரசே இலவசமாகத் தரும் என்று கொள்கை மாறியது. அந்த நீதிபதிகள் கேட்டதைத்தான் செருப்பு வைத்து வரிசையில் நின்றவர்கள் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மருந்துத் தட்டுப்பாடு குறைந்த பிறகு தமிழ்நாடு செய்த ஒரு நல்ல காரியம், ஆட்களை மையத்துக்கு அழைக்காமல் மையத்தை ஆட்களிடம் கொண்டுபோனது. செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் 40,000 இடங்களில் மெகா முகாம். வாக்குச்சாவடியாக இருந்து பழகிய பள்ளிக்கூடங்கள், அங்கன்வாடிகள், பேருந்து நிலையங்கள். முன்பதிவு வேண்டாம், ஆதார் அட்டை போதும். 20 லட்சம் பேர் இலக்கு. 28 லட்சத்துக்கும் மேல் போட்டுக்கொண்டார்கள். கூலி போகாத நாள், நடந்துபோகிற தூரம், தெரிந்த முகம் மூன்றும் ஒன்றாகக் கிடைத்த முதல் நாள் அது.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று பலரும் நம்பினார்கள். ஞாயிறு கறி எடுக்கிற நாள் என்பதால் முகாமுக்கு வரத் தயங்கினார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று விளக்கியதோடு நிற்காமல், அக்டோபரில் முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றினார் சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். மக்களின் வாழ்க்கை எந்த வரிசையில் ஓடுகிறதோ அந்த வரிசையில் அரசு போய் நின்ற முடிவு அது. வெறும் ஒரு நாள் மாற்றம்தான். ஜனவரியிலேயே இப்படி யோசித்திருந்தால் அந்தப் பதினொரு மணிப் பெஞ்சில் பத்துப் பேரும் இருந்திருப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

முகாம் நாட்களில் செவிலியர்களின் வார விடுமுறை போனது. பகலில் ஊசி போட்டு, இரவில் ஒவ்வொரு பெயராகக் கோவினில் ஏற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள். ஊசி போடாதவருக்குப் போட்டதாகக் குறுஞ்செய்தி போனாலும், சான்றிதழில் பெயர் தவறாக விழுந்தாலும், திட்டு வாங்கியதும் அவர்கள்தான். 2022 ஜூலை 17 அன்று நாடு 200 கோடி டோஸைத் தொட்டது. அதற்குப் பிறகும் ஒப்பந்தச் செவிலியர்கள் பலர் வேலை நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

மே மாதத்துத் தட்டுப்பாட்டில் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டு நிற்கிறது. செங்கல்பட்டை அடுத்த திருமணியில், பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். பயோடெக்கின் தடுப்பூசி உற்பத்தி வளாகம் பல நூறு கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டுத் தயாராக நின்றது. அந்த மே மாதத்திலேயே முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்து, மாநில அரசிடம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்து ஒரு குப்பிகூட ஏன் வெளியே வரவில்லை?

அடுத்த வாரம் திருமணிக்குப் போவோம்.