தங்க இலை டுராண்டா

கொச்சி நகரின் பழைய பகுதியாகிய மட்டாஞ்சேரியில் வீடுகளும் பண்டகசாலைகளும் நெருங்கி நிற்கின்றன. தோட்டம் என்று அங்கு அமைவது பெரும்பாலும் சிறு முற்றமோ மதிலோரத்துப் பாத்தியோதான். இத்தகைய குறுகிய இடங்களுக்கு ஏற்ற புதர்ச்செடிகளுள் தங்க இலை டுராண்டாவும் ஒன்றாகும். எனினும், இதனை நடுவோர் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் அவசியம். நிழலில் இதன் பொன்னிறம் மங்கிவிடும். இதன் கனி நஞ்சுடையது. உரிய இடத்தில் நட்டு, முறையாகக் கவாத்துச் செய்தால் இரண்டுக்கும் பரிகாரம் கிட்டும்.

டுராண்டாவின் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளாகும். காஸ்டோர் துராந்தே என்ற 16-ஆம் நூற்றாண்டின் இத்தாலிய மருத்துவரின் நினைவாக இதற்கு இப்பெயர் ஏற்பட்டது.

இலை பொன்னிறமாவது ஏன்?

சாதாரண டுராண்டாவின் இலை பச்சை நிறமுடையது. தங்க இலை வகையில் பச்சையம் குறைவாக இருப்பதால், இலையில் உள்ள மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. நல்ல வெயிலில் இளந்தளிர்கள் பளிச்சிடும். நிழலிலோ இலை பச்சையாக மாறும். ஆகவே, நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில வேளைகளில் ஒரே செடியில் முழுப் பச்சைக் கிளை தோன்றுவதுண்டு. பச்சையம் மிகுந்த அக்கிளை விரைந்து வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடுமாதலால், அதனை அடியோடு நீக்க வேண்டும்.

நடவு

பாதி முற்றிய தண்டில் 10 முதல் 15 செ.மீ. நீளத் துண்டுகளை நறுக்கி, கீழ் இலைகளைக் களைந்து, மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். கொச்சியில் ஆண்டு மழை ஏறக்குறைய 300 செ.மீ.; நிலத்தடி நீரும் ஆழமின்றி உள்ளது. நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே, பாத்தியை 20 செ.மீ. உயர்த்தி, தொழு உரமிட்டு, உயிர்வேலிக்கு 30 செ.மீ. இடைவெளியில் நடுதல் நன்று. கோடையில் தவறாது நீர் பாய்ச்ச வேண்டும்.

பூவும் கனியும்

புதுத் தளிர்களின் நுனியில் வெளிர்நீலப் பூங்கொத்துகள் தோன்றும். அவற்றைத் தொடர்ந்து மஞ்சள் நிறக் கனிகள் சரம்சரமாகத் தொங்கும். அவற்றில் சபோனின் என்னும் பொருள் உள்ளது. பறவைகள் தீங்கின்றி உண்கின்றன. ஆனால், அவற்றைத் தின்ற குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவை ஏற்பட்டதுடன் இறப்பும் நேர்ந்துள்ளது.

ஆகவே, பள்ளி வளாகங்களில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கவாத்துச் செய்ய வேண்டும். மொட்டுகள் நீங்குவதால் கனி உண்டாகாது. புதுத் தளிர் எழுவதால் பொன்னிறமும் பொலியும். பூவின் அழகை இழப்பதே இதற்குரிய விலை. கனியைத் தின்ற குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்; கனியுடன் கூடிய சிறு கிளையையும் எடுத்துச் செல்வது பயன்தரும்.

நிழலான முற்றங்களுக்கு

வெயில் போதாத முற்றங்களில் வெள்ளிலைச் செடியை நடலாம். இதன் ஆரஞ்சு நிறப் பூக்களுக்கருகே வெண்ணிறப் புல்லியிதழ் இலைபோல் விரிந்திருக்கும். இது கொச்சிக்குப் புதிய செடியன்று. டச்சு ஆட்சித் தலைவராக அங்கிருந்த ஹெண்ட்ரிக் வான் ரீட் தொகுக்கச் செய்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலிலேயே இது இடம்பெற்றுள்ளது.