தலையெழுத்து: கம்பெனி, காண்ட்ராக்ட், காம்ரேட்

சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு ஏதும் இல்லை, எல்லாம் இடுகுறியே என்பது சசூரின் அடிப்படை வாதம். அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1916இல் வெளியான விரிவுரைத் தொகுப்பின் வழியாக இது அமைப்பியலின் அஸ்திவாரமாயிற்று. இதில் ஒரு கீறல் போட்டவர் ஜே.ஆர். ஃபெர்த். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர். சில தொடக்க ஒலிகள் ஒரே பொருள்வட்டத்தில் வந்து கூடுவதை 1930இல் பெயரிட்டுச் சுட்டினார். 'ஸ்நீஸ்' தும்மல், 'ஸ்நோர்' குறட்டை, 'ஸ்நவுட்' மிருகத்தின் மூஞ்சி. எல்லாம் மூக்கைச் சுற்றியே. சரி, 'ஸ்நேக்', 'ஸ்நோ'? பாம்புக்கும் பனிக்கும் மூக்கோடு என்ன சம்பந்தம்? ஆக, தொடக்க ஒலி தனியாகப் பொருள் தருவதில்லை. கூட நிற்கிற சொற்களோடு சேர்ந்துதான் தருகிறது.

கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் பாகலூரில் இதை வேறு விதமாகப் பார்க்கலாம். தமிழில் அங்க, இங்க, எங்க. கன்னடத்தில் அல்லி, இல்லி, எல்லி. தெலுங்கில் அக்கட, இக்கட, எக்கட. மூன்று மொழியிலும் முதலெழுத்துதான் தூரத்தையும் பக்கத்தையும் கேள்வியையும் பிரிக்கிறது. இதில் தூரத்தையும் பக்கத்தையும் காட்டும் வேலையைத்தான் தொல்காப்பியர் 'சுட்டு' என்றார். இப்படிப் பழகிய காதுக்கு, ஒரே மாதிரி ஆரம்பிக்கிற ஆங்கிலச் சொற்களும் உறவுக்காரர்களாகவே கேட்கும்.

1970களில் ஒசூருக்கு சிப்காட் வந்த பிறகு வாயில் ஏறியவை இவை: கம்பெனி, கமிட்டி, காண்ட்ராக்ட், காம்ரேட். முதல் மூன்றிலும் இருப்பது லத்தீனின் 'கோம்', அதாவது 'கூட'. கம்பெனி என்றால் ரொட்டியைக் கூடச் சேர்ந்து தின்பவர்கள். 'பானிஸ்' என்றால் ரொட்டி. காண்ட்ராக்ட் என்றால் சேர்த்து இழுத்துக் கட்டுவது. 1799இல் திப்பு வீழ்ந்ததும் ஒசூர்ப் பகுதியை எடுத்துக்கொண்டதும் ஒரு கம்பெனிதான். நம்ம ஆட்கள் அதைக் கும்பினி என்றார்கள். அது யாரோடு ரொட்டி தின்றது?

வேர்ச்சொல் இப்படி 'கூட' என்று சொல்ல, வழக்கு எதிராகப் போகிறது. 'அவன் கம்பெனி ஆளு, இவன் காண்ட்ராக்ட்' என்று ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரே மெஷின், ஒரே வேலை. சொல் மட்டும் வேறு. சட்டமும் இதே சொல்லாடலைத்தான் பேசியது. 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 16ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்குக் குறையாமல் ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தால் கேண்டீன் நடத்த வேண்டிய பொறுப்பு முதலில் காண்ட்ராக்டருடையதாக இருந்தது. அவர் செய்யாவிட்டால்தான் ஆலை முதலாளி பக்கம் வந்தது. ரொட்டியைப் பங்கிடுவதால் பெயர் பெற்ற அமைப்பு, சோற்றுப் பொறுப்பை இன்னொருவர் தலையில் வைத்தது. சட்டத்தின் தலைப்பிலேயே 'ஒழுங்குபடுத்தல்', 'ஒழித்தல்' இரண்டும் இருந்தன என்பதையும் கவனிக்க வேண்டும்.

நான்காவது சொல் காம்ரேட் இந்தக் குடும்பமே இல்லை. காதுக்கு அப்படிக் கேட்கிறது, அவ்வளவுதான். அதன் வேர் 'கேமரா', லத்தீனில் அறை. ஸ்பானியத்தில் ஒரே அறையில் தங்கும் படைவீரர்களைக் குறித்துப் பிறகு ஆங்கிலத்துக்கு வந்தது. 'கூட' என்ற முன்னொட்டே இல்லாத சொல்லில்தான் கூட இருப்பது மிச்சமிருக்கிறது. பாகலூர்ப் பக்கம் வாடகை அறைகளில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் பாயையும் அடுப்பையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அகராதிப்படி அவர்களே காம்ரேடுகள். ஆனால் ஆலை வாசல் கூட்டத்தில் 'தோழர்களே' என்று கூப்பிடும்போது அவர்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறோமா?

தலையெழுத்தை வைத்து உறவு கொண்டாட முடியாது. குறிப்பானின் முதல் ஒலி 'கூட' என்று சொல்லும்போதெல்லாம், யார் கூட, யாரை விட்டுவிட்டு என்று கேட்டாக வேண்டும்.