பிள்ளையார்பாளையத்துக் கோர்வையும் பெர்லின் மேடையும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் காலை நேரத்தில் நடந்தால், வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் ஒவ்வொரு வேகத்தில் கேட்கும். கோர்வைப் புடவை நெய்யும் தறி மட்டும் கொஞ்சம் நிதானித்துத்தான் ஓடும். காரணம் உண்டு. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளருக்குப் பக்கத்தில் கைமாற்ற இன்னொருவர் இருப்பார். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா. ஆக மூன்று. உடல் இழையும் கரை இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றை ஒன்று கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அரக்குக் கரை அரக்காகவே நிற்கும். மஞ்சள் உடல் மஞ்சளாகவே நிற்கும். நிறம் ஒன்றில் ஒன்று கசியாது, பிடிப்பும் விடாது. இதுதான் கோர்வை.

மிருதங்கம் படிக்கும் பையனிடம் கோர்வை என்றால் என்னவென்று கேளுங்கள், வேறொன்றைச் சொல்வான். ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, கணக்குப் பிசகாமல் சமத்திலோ எடுப்பிலோ வந்து இறங்குவது அவனுடைய கோர்வை. எளிதான ஒன்றை விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம். ‘ததிகிணதொம்’ ஐந்து மாத்திரை. இரண்டு தரம் சொன்னால் பத்து. பத்து, ஒரு மாத்திரை கார்வை, பத்து, மறுபடி ஒரு கார்வை, பத்து. மொத்தம் 32. ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு நாலு மாத்திரை வைத்தால் ஓர் ஆவர்த்தனமும் 32. அடுத்த தட்டு சமம்.

அமெரிக்க ஜாஸிலும் இந்த எண் தலைகாட்டுகிறது. பழைய ஜாஸ் பாட்டுகளில் பல, 32 பார் கொண்ட சுற்றுகள். சுற்று மாறாது, அதன் மேல் வாசிப்பவரின் கற்பனைதான் மாறிக்கொண்டே போகும். பல்லவி வரி மாறாமல் நிரவல் விரிகிற மாதிரி. இரண்டு வாத்தியக்காரர்கள் நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிப்பதும் அங்கே வழக்கம். தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் குறைப்பு வாசித்துக் கேட்ட காதுக்கு அது புதிதல்ல. கிட்டாரும் சாக்ஸபோனும் டிரம்ஸும் பழகி, வெளிநாட்டுக் கச்சேரிப் பயணத்துக்குத் திட்டம் போடும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஒற்றுமைதான் கைமுதல்.

செய்யூருக்கு வந்த ஜாஸ்

ஜாஸுக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய முகவரி இருக்கிறது. 2010இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் செய்யூர் வட்டாரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம், ஸ்வர்ணபூமி இசை அகாடமி தொடங்கப்பட்டது. 2019இல் மாவட்டம் பிரிந்தபோது செய்யூர் செங்கல்பட்டோடு போனது. அந்த அகாடமியை உருவாக்கியவர் கிட்டார் பிரசன்னா. ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர், பிறகு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போய் ஜாஸ் படித்தார். ஆனால் கப்பல் ஏறும் முன்பே கர்னாடக இசையை முறையாகக் கற்றிருந்தார். வயலின் மேதை ஏ. கன்யாகுமரி அவருடைய குருமார்களில் ஒருவர். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர், பியானோ கலைஞர் விஜய் ஐயர். அவரோடும் தபலா நிதின் மிட்டாவோடும் பிரசன்னா சேர்ந்து வாசித்த ‘தீர்த்தா’ இசைத்தட்டு 2011இல் வந்தது.

முன்னே போனவர்கள்

வழி பிரசன்னாவோடு தொடங்கவில்லை. ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். அவரும் வயலின் எல். சங்கரும் தபலா ஜாகிர் உசேனும் கடம் விக்கு விநாயக்ராமும் சேர்ந்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு 1975இல் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டில் நடந்த கச்சேரியில் பதிவானது. மானாமதுரை மண்ணில் வனைந்த கடம் என்றால் என்னவென்று உலக மேடைகளுக்குக் காட்டியது அந்தக் குழு. அரை நூற்றாண்டு கழித்து, விக்குவின் மகன் செல்வகணேஷ் வாசித்த ‘சக்தி’ 2024இல் கிராமி விருது வாங்கியது.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது வயது 14. அவர் அங்கே ஜாஸ் வாசிக்கவில்லை. கர்னாடக இசை வாசித்தார். ஜாஸ் ரசிகர்கள் கேட்டது அதைத்தான்.

காஞ்சிக்கு இன்னும் நெருங்கிய கதை கத்ரி கோபால்நாத்துடையது. தென் கன்னட மாவட்டத்து நாகஸ்வரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதில் கமகம் வரவழைக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் அவரைச் செதுக்கினார். 1980இல் பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி அவரோடு சேர்ந்து வாசித்தார். பெர்லின், பிராக் ஜாஸ் விழாக்கள் பின்னால் வந்தன. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. நடத்தும் புரோம்ஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டு ‘டூயட்’ படத்தின் மூலம் தமிழ்நாட்டுத் தெருவெல்லாம் அவர் சாக்ஸபோன் ஒலித்தது. அந்தக் கத்ரி, காஞ்சி காமகோடி பீடத்தின் ஆஸ்தான வித்வானாக இருந்தவர். ஜாஸ்காரர்களின் வாத்தியத்துக்குக் காஞ்சி மடம் சால்வை போர்த்தியதை இந்த ஊர் மறந்துவிடக்கூடாது.

ஊர்க் கணக்கு

இவர்கள் எல்லோரிடமும் பொதுவாக ஒன்று இருந்தது. யாரும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டு விமானம் ஏறவில்லை. வீட்டு இலக்கணம் கைக்குள் இருந்தது. பிறகுதான் அடுத்த வீட்டுக்காரரின் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள்.

அந்த வீட்டு இலக்கணத்துக்குக் காஞ்சி பெயர் போன ஊர். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) பாட உட்கார்ந்தால் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைந்துவிடும். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அதற்குப் பெயர். அத்தனை தாளக்காரர்களுக்கு நடுவே அசையாமல் நின்ற பாட்டு அது. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர் சீடர். 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள், நாயனாப் பிள்ளை பாணியைக் கேட்டு வளர்ந்தவர். பெண்கள் மேடையில் பல்லவி பாடத் தயங்கிய காலத்தில் கடினமான தாளங்களில் பல்லவி பாடி ‘பல்லவி பட்டம்மாள்’ ஆனார். பதினைந்து பதினாறு வயதில் டிரம்ஸ் குச்சியைப் பிடிக்கும் காஞ்சிப் பையனுக்குச் சொத்து எங்கே இருக்கிறதென்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி கட்டும் முன்

கலை ஒரு பக்கம்; காகிதம் இன்னொரு பக்கம். பயணம் கெடுவது பெரும்பாலும் காகிதத்தில்தான்.

ஐரோப்பிய ஜாஸ் விழாக்களில் பல கோடையில் நடக்கின்றன. சுவிட்சர்லாந்தின் மோண்ட்ரோ, நெதர்லாந்தின் நார்த் சீ இரண்டும் ஜூலையில். அதற்கான நிகழ்ச்சி முடிவுகள் பல மாதம் முன்பே ஆகிவிடும். ஆகவே ஓராண்டுக்கு முன்பே ஒலிப்பதிவை அனுப்பத் தொடங்க வேண்டும். ஒரு விழா உறுதியானதும் அதைச் சுற்றி நாலைந்து சிறிய கச்சேரிகளைக் கோத்தால்தான் விமானச் செலவு கட்டும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக்கூடாது. எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. அமெரிக்கா என்றால் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வாசிக்கும் எண்ணமே வேண்டாம். தனித்த பண்பாட்டுக் கலை நிகழ்த்தும் குழுக்களுக்கென்றே பி-3 என்றொரு விசா இருக்கிறது; அழைப்பவர் அங்கிருந்து மனுப் போட வேண்டும். ஜாஸோடு கொன்னக்கோலும் கடமும் சேர்ந்த குழுவுக்கு இந்த வழி பொருந்தலாம். அங்கே கிடைக்கும் சன்மானத்தில் 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள் என்பதையும் வரவு செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாத்தியங்களுக்கும் ஒரு பாஸ்போர்ட் உண்டு. கார்னே என்பார்கள். இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு தருகிறது. அது கையில் இருந்தால், கொண்டு போகிற வாத்தியத்துக்குச் சுங்கம் கட்டாமல் போய் வரலாம். கடம் ஒரே சுருதியில்தான் பேசும். ஜாஸ் பாட்டோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதி. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட கடம் போக வேண்டும், அதுவும் உடையாமல். தோல் வாத்தியங்கள் குளிரில் சுருதி விலகும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே மேடைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துப் பழக்குங்கள்.

புறப்படும் முன் ஒரு வேலை

இதெல்லாம் முடிந்த பிறகு, டிக்கெட் போடும் முன் ஒன்று செய்யுங்கள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குக் காஞ்சிக்கு வாருங்கள். விடியற்காலையில் கூட்டத்தில் நாகஸ்வரக் குழுவின் பின்னால் நடங்கள். மல்லாரி முடிந்து தவில்காரர்கள் இருவரும் ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுக்கும்போது கையில் தாளம் போட்டுக்கொண்டே வாருங்கள். எழுதி வைத்த காகிதம் ஒன்றும் அவர்கள் எதிரில் இருக்காது. அடுத்தவர் என்ன வாசிக்கிறார் என்பதில்தான் முழுக் கவனமும் இருக்கும். அங்கே உங்கள் தாளம் சறுக்காமல் நின்றால், பெர்லின் மேடையிலும் சறுக்காது. சறுக்கினால் விசாவுக்கு அவசரப்படாதீர்கள். இன்னும் ஒரு வருஷம் சாதகம் செய்யுங்கள்.