பயிற்சி எந்த நாட்டில் நடந்தது?

உலகெங்கும் பத்திரிகைகளுக்குப் படங்களை விற்கும் நிறுவனம் கெட்டி இமேஜஸ். தன் படங்களை அனுமதியின்றி எடுத்துத்தான் ‘ஸ்டேபிள் டிஃப்யூஷன்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குப் படம் வரையப் பயிற்சி அளித்தார்கள் என்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் அது வழக்குத் தொடர்ந்தது. கருவியை வெளியிட்ட ஸ்டேபிலிட்டி ஏஐயும் லண்டன் நிறுவனம்தான். ஆனாலும் விசாரணையின் நடுவிலேயே கெட்டி தன் முக்கியக் குற்றச்சாட்டைக் கைவிட்டது. பயிற்சி பிரிட்டனில் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

மிஞ்சிய வாதம், அந்தக் கருவியே ஒரு திருட்டுப் பிரதி என்பது. கருவிக்குள் படங்களின் பிரதிகள் சேமிக்கப்படவில்லை என்று கூறி 2025 நவம்பர் 4 அன்று நீதிபதி அதையும் நிராகரித்தார். வணிகச் சின்னம் தொடர்பான சிறு பகுதியில் மட்டுமே கெட்டி வென்றது.

ஏழே நாளில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் வேறு திசையில் தீர்ப்பளித்தது. பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைகளைக் காக்கும் கேமா அமைப்பு, 9 ஜெர்மன் பாடல்களை முன்வைத்து ஓப்பன்ஏஐ மீது தொடர்ந்த வழக்கு அது. எளிய கேள்விக்கே சாட்ஜிபிடி பாடல் வரிகளை ஒப்பித்தது. அப்படியானால் வரிகள் கருவிக்குள் பதிந்திருக்கின்றன, அதுவும் நகலெடுத்தல்தான் என்றது நீதிமன்றம்.

இந்த முரண்பாட்டின் வேர் 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் இருக்கிறது. அயல்நாட்டுப் படைப்பாளியையும் உள்நாட்டவரைப் போலவே நடத்தவேண்டும் என்கிறது அது. ஆனால் பாதுகாப்பு எதுவரை என்பதை, அது எந்த நாட்டில் கோரப்படுகிறதோ அந்த நாட்டின் சட்டமே முடிவு செய்யும். ஜப்பான் 2018இலும் சிங்கப்பூர் 2021இலும் கணினிவழித் தரவு ஆய்வுக்குத் தாராளமாக விலக்கு அளித்தன. அமெரிக்காவில் ‘நியாயமான பயன்பாடு’ என்ற கோட்பாட்டின்படி வழக்குக்கு வழக்கு நீதிமன்றம் முடிவெடுக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் சந்தையை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அங்கே கருவியை விற்பவர், பயிற்சி எங்கே நடந்திருந்தாலும், ‘என் படைப்பை எடுக்காதே’ என்ற உரிமையாளரின் அறிவிப்பை மதிக்கவேண்டும் என்பதே அதன் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம்.

இதே கேள்வி டெல்லிக்கும் வந்திருக்கிறது. ஏஎன்ஐ செய்தி நிறுவனம் 2024இல் தொடர்ந்த வழக்கில், தன் சர்வர்கள் இந்தியாவில் இல்லை என்று ஓப்பன்ஏஐ வாதிட்டது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் குழு ஒன்று, பயிற்சிக்குக் கட்டாய உரிமமும் படைப்பாளிகளுக்கு ராயல்டியும் தரும் ஏற்பாட்டை முன்மொழிந்தது. ராயல்டி வரவேற்கத்தக்கது. ஆனால் தரமாட்டேன் என்று மறுக்க எழுத்தாளருக்கு அதில் இடமில்லை. ஐரோப்பிய எழுத்தாளருக்கு உள்ள அந்த உரிமையையும் சேர்த்தே இந்தியச் சட்டம் எழுதப்பட வேண்டும்.