தீயோடு போராடும் தலைவன்
நகரசபைத் தீயணைக்கும் படைக்குத் தலைவராக என்ன தகுதி வேண்டும்?

1861-ம் ஆண்டு ஜூன் மாதம் 29-ந் தேதி. லண்டன் மாநகரில் ஒரு சவ ஊர்வலம் புறப்பட்டது. அதன் நீளம் ஒன்றரை மைல்! கடைகள் மூடப்பட்டன. மாதா கோவில் மணிகள் துக்க ஓசை எழுப்பின. தெருவின் இரு பக்கமும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள்.

இறந்தவர் யார்? அரசரா? மந்திரியா? படைத் தளபதியா?

இல்லை. அவர் தீயணைக்கும் படையின் தலைவர். பெயர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட்.

தீயணைக்கும் படைத் தலைவர் என்றால் நமக்கு என்ன நினைவு வருகிறது? மணியடித்துக்கொண்டு ஓடும் சிவப்பு வண்டி, தலையில் கவசம், கையில் குழாய். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். அந்தப் பதவிக்கு உரிய கடமைகள் இன்னின்னவை என்று உலகத்துக்கு முதலில் செய்து காட்டியவர் பிரெய்ட்வுட்தான். ஆகவே அவருடைய கதையைச் சொன்னால் போதும், அந்த உத்தியோகம் எப்படிப்பட்டது என்பது விளங்கிவிடும்.

தச்சுப் பட்டறைப் பிள்ளை

பிரெய்ட்வுட் 1800-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். தகப்பனார் மேஜை, நாற்காலி, பீரோ செய்யும் தொழில் நடத்தியவர். வீடு நிறையக் குழந்தைகள். இவர் பள்ளிப் படிப்பு முடித்துக் கட்டிட வேலை பழகினார். சுவர் எப்படி நிற்கிறது, உத்தரம் எதைத் தாங்குகிறது, கூரை எங்கே பலவீனம் என்பதெல்லாம் வாலிப வயதிலேயே அவருக்கு அத்துபடி.

இந்தப் படிப்புத்தான் பின்னால் அவருக்குக் கைகொடுத்தது. எரிகிற வீட்டுக்குள் ஆளை அனுப்புகிறவருக்கு, அந்த வீடு இன்னும் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தக் காலத்தில் தீயணைப்பது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் வேலை. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித் தனி ஆட்கள், தனித் தனி எஞ்சின்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்க மாட்டார். 1824-ல் எடின்பரோ நகரத்தார் இதற்கு முடிவு கட்டினார்கள். ஊர் முழுமைக்கும் ஒரே படை என்று ஏற்படுத்தினார்கள். அதற்குத் தலைவராக 24 வயது பிரெய்ட்வுட்டை நியமித்தார்கள்.

அப்போது பதவி ஏற்றவருக்கு வாழ்த்துச் சொல்லக்கூட ஊருக்கு நேரம் இருக்கவில்லை!

எத்தனை எஜமானர்கள்!

சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்களுக்கு இன்னும் சரியாகப் பயிற்சிகூட ஆகவில்லை. நவம்பர் 15-ந் தேதி இரவு, ஒரு சந்தில் இருந்த செதுக்கு வேலைப் பட்டறையில் தீப்பிடித்தது. அடுப்பில் வைத்த எண்ணெய் பற்றிக்கொண்டது என்கிறார்கள். அந்த வட்டாரத்தில் வீடுகள் மாடி மேல் மாடியாக உயர்ந்தவை. சந்துகளோ ஆள் நுழையும் அகலம்தான். எஞ்சின் உள்ளே போக முடியவில்லை. தண்ணீரும் உடனே கிடைக்கவில்லை. மறுநாள் ஒரு மாதா கோவிலின் கோபுரம் பற்றி எரிந்து சரிந்தது. நாட்கணக்கில் நெருப்பு அடங்கவில்லை. நானூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடு இழந்தன. உயிர்களும் போயின.

ஊரார் சும்மா இருப்பார்களா? புதிய படையையும் அதன் வாலிபத் தலைவரையும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். விசாரணை நடந்தது. விசாரணையில் வெளியான சங்கதிதான் முக்கியமானது.

தீ எரிந்த இடத்துக்கு ஊர்ப் பெரியவர்கள் பலர் வந்திருந்தார்கள். மாஜிஸ்திரேட்டுகள் வந்தார்கள். பிரபுக்கள் வந்தார்கள். ஒருவர், "இங்கே தண்ணீர் அடி" என்றார். இன்னொருவர், "அங்கே கொண்டு போ" என்றார். பாவம், குழாயைப் பிடித்தவன் யார் சொல்லைக் கேட்பான்? பெரிய மனிதர் உத்தரவை மறுக்கவும் அவனுக்குத் தைரியம் இல்லை. தலைவரோ இருபத்து நாலு வயதுப் பையன்!

பிரெய்ட்வுட் மேல் குற்றம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. அதோடு ஒரு புதிய விதியும் பிறந்தது. தீ எரியும் இடத்தில் படைத் தலைவர் உத்தரவே உத்தரவு. வேறு எவரும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், குறுக்கிடக் கூடாது.

இன்றைக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஆனால் நம் ஊரில் ஒரு வைக்கோல்போர் எரிந்தால் எத்தனை பேர் எத்தனை யோசனை சொல்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு, அந்த விதியின் அருமை தெரியும்.

யாரை ஆளாகச் சேர்ப்பது?

அதிகாரம் கிடைத்தது. இனி பொறுப்பு அவருடையது. ஆட்களைப் பொறுக்கி எடுத்தார். கொல்லர், கொத்தர், தச்சர், கூரை வேய்கிறவர், குழாய் வேலைக்காரர் என்று தொழில் தெரிந்தவர்களைச் சேர்த்தார். கூரை வேய்கிறவன் கூரை மேல் பயமின்றி நடப்பான். தச்சன் எந்த மரத்தை வெட்டினால் தளம் விழாது என்று அறிவான். பின்னால் லண்டனுக்குப் போனபோது கப்பல் மாலுமிகளை விரும்பிச் சேர்த்தார். ஏறவும் இறங்கவும் பழகியவர்கள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுகிறவர்கள்.

பயிற்சி எப்போது தெரியுமா? விடிவதற்கு முன்னால், இருட்டில்! வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேராது. இருட்டில் வேலை செய்யவும் பழகிவிடும்.

அதுவரை தீயணைப்பவர்கள் தெருவில் நின்றபடி ஜன்னலை நோக்கித் தண்ணீர் பீச்சுவது வழக்கம். புகைக்குள் தண்ணீர் எங்கே விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. பிரெய்ட்வுட் இதை மாற்றினார். "உள்ளே போ. நெருப்பின் அடியைத் தேடு. அங்கே தண்ணீரை விடு" என்பது அவருடைய முறை. தனியாக ஒருவனும் உள்ளே போகக் கூடாது. ஒருவன் விழுந்தால் இழுத்துவர இன்னொருவன் கூட இருக்க வேண்டும். தரையை ஒட்டித் தவழ வேண்டும். புகை மேலே நிற்கும், நல்ல காற்று கீழே இருக்கும். இதையெல்லாம் 1830-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

ஆட்களுக்குச் சொன்னதைத் தாமும் செய்தார். ஒரு சமயம் இரும்புச் சாமான் கடை ஒன்று தீப்பற்றியது. உள்ளே வெடிமருந்துப் பீப்பாய் இருப்பதாகச் செய்தி வந்தது. அவர் எவரையும் ஏவவில்லை. தாமே போய் ஒன்றைத் தூக்கி வந்தார். மறுபடி போய் இன்னொன்றையும் தூக்கி வந்தார் என்று அவருடைய வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள்.

லண்டன் அழைத்தது

1833-ல் லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பத்து ஒன்றுசேர்ந்து ஒரு படை அமைத்தன. அதற்குத் தலைவராக பிரெய்ட்வுட்டை அழைத்துக்கொண்டார்கள். இது நகரசபைப் படை அல்ல, கம்பெனிகளின் படை. அவ்வளவு பெரிய நகரத்துக்கு ஆட்கள் எண்பது பேர்தான்! கைப் பம்பு அடிக்கத் தெருவில் போகிறவர்களைத்தான் கூலிக்குக் கூப்பிட வேண்டும். கூலியோடு பீரும் கொடுக்க வேண்டும். பீர் தீர்ந்தால் பம்பும் நின்றுவிடும்.

மறு வருஷமே, 1834 அக்டோபர் 16-ந் தேதி, பார்லிமெண்டுக் கட்டிடம் தீப்பற்றியது. பழைய கணக்குக் குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்ததில் வந்த வினை. பெரும் பகுதி சாம்பலாயிற்று. ஆனால் பல நூற்றாண்டுப் பழமையான வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் தப்பியது. எதை விட்டுவிடுவது, எதைக் காப்பாற்றுவது என்று நொடியில் முடிவு செய்வதும் தலைவரின் வேலையே.

அவரை உறுத்திக்கொண்டிருந்தது வேறொரு கவலை. தேம்ஸ் நதிக் கரையில் பிரமாண்டமான கிடங்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. நடுவே போதிய தடுப்பு இல்லை. இவற்றில் ஒன்று முழுக்கப் பற்றிக்கொண்டால் அணைக்கிற சக்தி லண்டனில் இல்லை என்று அவர் அரசாங்கத்துக்கு முன்கூட்டியே எழுதினார்.

கடைசித் தீ

அவர் பயந்தது 1861 ஜூன் 22-ந் தேதி சனிக்கிழமை மாலை நடந்தது. டூலி தெருவில் ஒரு கிடங்கில் தீ. உள்ளே சணல், பஞ்சு, சர்க்கரை, கொழுப்பு, வெடியுப்பு! நெருப்புப் பரவாமல் இருக்க இரும்புக் கதவுகள் போட்டிருந்தார்கள். ஆனால் அவை மூடப்படாமல் திறந்து கிடந்தன. நதியிலோ நீர் வற்றிய நேரம். உருகிய கொழுப்பு ஓடித் தண்ணீர் மேலும் நெருப்பு மிதந்தது.

அறுபது வயதுத் தலைவர் ஆட்களின் நடுவே நின்றார். களைத்தவர்களுக்குத் தெம்புக்காகப் பிராந்தி வழங்கிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு சுவர் வெடித்துச் சாய்ந்தது. பிரெய்ட்வுட்டும் படைவீரர் ஒருவரும் அதனடியில் சிக்கி மாண்டார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அவருடைய உடலை எடுக்க முடிந்தது. நெருப்பு முழுதும் அணைய இரண்டு வாரம் பிடித்தது.

அவரை அடக்கம் செய்த இடத்தின் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கல்லறை இருந்தது. அது அவருடைய மனைவியின் முதல் தாரத்து மகனுடையது. அந்த மகனும் தீயணைக்கும் வேலையில்தான் 1855-ல் உயிர் விட்டான்.

நஷ்டம் தாங்காமல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கையை விரித்தன. "இது எங்களால் ஆகாது, அரசாங்கமே நடத்தட்டும்" என்றன. 1865-ல் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு லண்டனுக்குப் பொதுப் படை கிடைத்தது.

இன்றைய தலைவர்

இப்போது அமெரிக்க நகரங்களில் இந்தப் பதவிக்கு வருகிறவர் பெரும்பாலும் குழாய் பிடிக்கும் சாதாரண வீரராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். பல நகரங்களில் பட்டப் படிப்பும் கேட்கிறார்கள். நியமிப்பவர் மேயர் அல்லது நகர நிர்வாகி. அங்கே தீயணைக்கும் படைக்கு வரும் அழைப்புகளில் பெரும் பகுதி தீ அல்ல! மயக்கம், மாரடைப்பு, விபத்து போன்றவைதான். ஆகவே தலைவர் வைத்திய உதவிக்கும் பொறுப்பாளி. வரவு செலவுத் திட்டம், ஆள் எடுத்தல், பயிற்சி, வண்டி வாங்குதல், தீயின் காரணம் கண்டுபிடித்தல் என்று மேஜை வேலையும் ஏராளம்.

அந்த எடின்பரோ பாடம் அவ்வளவு சீக்கிரம் மறந்து போகிறதா என்றால், போகத்தான் செய்கிறது. 1970-ல் கலிபோர்னியாவில் 13 நாள் காட்டுத் தீ எரிந்து 16 பேர் மாண்டார்கள். பல இலாகாக்கள் வந்தன. யார் உத்தரவிடுவது என்பதில் குழப்பம். அதன் பிறகுதான் எல்லா இலாகாவுக்கும் பொதுவான ஒரே தலைமை முறை அங்கே உருவாயிற்று.

2001 செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது 343 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் படையின் தலைவர் பீட்டர் கேன்சி. முதல் கோபுரம் விழுந்ததும் தம் ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அவர் திரும்பி நடந்தார்.

நம் நாட்டில் இடத்துக்கு இடம் ஏற்பாடு வேறு. பம்பாயில் படை மாநகராட்சியைச் சேர்ந்தது. 1944 ஏப்ரல் 14-ந் தேதி துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து அந்தப் படையினர் 66 பேர் மாண்டார்கள். அந்த நாளையே தீயணைப்போர் தினமாக நாடு முழுதும் அனுசரிக்கிறோம். தமிழ்நாட்டில் இது நகரசபையின் வேலை அல்ல. மாநில அரசின் இலாகா. கூப்பிட வேண்டிய எண் 101.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ந் தேதி ஒரு பள்ளிக்கூடத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். சமையல் கட்டிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தீ தாவியது. அதை நினைத்தால், வண்டியில் ஏறி ஓடுவதைவிட, முன்கூட்டியே போய்க் கூரையையும் வாசலையும் படிக்கட்டையும் பார்த்து, "இது ஆகாது" என்று கண்டித்துச் சொல்வதுதான் இந்த உத்தியோகத்தில் கடினமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது கைதட்ட யாரும் இருக்க மாட்டார்கள். திட்டுத்தான் கிடைக்கும்.

பிரெய்ட்வுட் வீட்டில் இருப்பவர்களுக்கும் சில யோசனைகள் சொன்னார். புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாதீர்கள். தரையோடு தவழ்ந்து வாருங்கள். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். எரிகிற அறையை விட்டு வெளியே வரும்போது, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தால், கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.