கட்டிலுக்கு முன் காலியிடம்

படுக்கையறையை அமைக்க முற்படுவோர் பெரும்பாலும் கட்டிலை முதலில் வாங்கிவிட்டு, பின்னர் அதற்கேற்ற மெத்தையையும் எஞ்சிய சுவரில் அடங்கும் அலமாரியையும் தேடுகின்றனர். அறையின் அளவு, மெத்தை, கட்டில், அலமாரி என்ற வரிசையில் முடிவெடுத்தால் ஒவ்வொன்றும் அடுத்ததன் அளவைத் தானே வரையறுத்துவிடும். நடமாடவும் காற்றோடவும் இடமும் மிஞ்சும்.

கடைகளில் ‘குயின்’ எனப்படும் மெத்தை 60 அங்குல அகலமும், ‘கிங்’ எனப்படுவது 72 அங்குல அகலமும் உடையவை; நீளம் 72, 75, 78 அங்குலம் என மூவகைப்படும். பத்தடிக்குப் பத்தடி அறையில் 78 அங்குல, அதாவது ஆறரை அடி நீளக் கட்டிலைப் போட்டுக் கால்மாட்டுச் சுவரில் இரண்டடி ஆழமுள்ள அலமாரியை நிறுத்தினால், தலைமாட்டுப் பலகையின் தடிமனும் போக நடுவே ஓரடியைச் சற்றே தாண்டிய இடந்தான் மிஞ்சும். ஒன்றரை அடி அகலக் கதவு அங்கே முழுமையாகத் திறக்காது. அலமாரியின் ஆழத்தைக் குறைப்பதும் எளிதன்று. சட்டை மாட்டும் ஹேங்கரின் அகலமே ஏறத்தாழ 17 அங்குலம் இருப்பதால், இரண்டடிக்கு மிகக் குறைந்தால் துணிகள் கதவில் சிக்கும். அலமாரியைப் பக்கச் சுவருக்கு மாற்றி 60 அங்குலக் கட்டிலைச் சுவரோரமாகப் போட்டால், இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ மூன்றடி கிடைக்கும். எதையும் வாங்குவதற்கு முன் சாக்பீஸால் தரையில் கட்டிலின் அளவை வரைந்து, கதவு திறக்கும் வழியையும் மின்விசிறியின் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனையாகும்.

மெத்தையைப் பொறுத்தவரை, முதுகுவலிக்குக் கட்டாந்தரை போன்ற கடினமான படுக்கையே நல்லது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நாட்பட்ட இடுப்புவலியுடைய 313 பேரைக் கொண்டு ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் நடத்தி, 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கடின மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே 90 நாட்களில் வலி அதிகம் குறைந்திருந்தது. தோளும் இடுப்பும் சற்றே அமிழ்ந்து, முதுகெலும்பு நேராக நிற்கும் அளவுக்குத் தாங்குவதே நடுத்தர உறுதி எனப்படும்.

இலவம் பஞ்சின் இழைகள் உட்குழிவுடையவை, மெழுகுப் பூச்சுள்ளவை. ஆதலால் மெத்தை எடை குறைந்தும் வெப்பம் தேங்காமலும் இருக்கும். எனினும் பஞ்சு நாளடைவில் அமுங்கிக் கட்டிதட்டுவதால், அவ்வப்போது வெயிலில் காயவைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து அடித்துத் தைக்க வேண்டும். தென்னை நாரில் ரப்பர் பாலைத் தெளித்து அழுத்திய மெத்தை உறுதியானது, காற்றோட்டமுள்ளது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக 1960-களில் உருவாக்கப்பட்ட ‘மெமரி ஃபோம்’ உடல் வெப்பத்தில் இளகி உடலின் வடிவத்துக்கு வளைந்துகொடுக்கும். அதே வெப்பத்தைப் பிடித்தும் வைப்பதால், குளிர்சாதனம் இல்லாத அறைகளில் கோடை இரவுகளில் புழுக்கத்தைத் தரக்கூடும்.

மெத்தையின் தடிமன் தெரிந்த பின்னரே கட்டிலின் உயரத்தை முடிவு செய்ய இயலும். விளிம்பில் அமர்ந்தால் பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். பெரும்பாலோருக்கு மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் வரை இதற்குப் பொருந்தும். நான்கு அங்குலப் பஞ்சு மெத்தைக்காகச் செய்த பழைய தேக்குக் கட்டிலில் பத்து அங்குல ஸ்பிரிங் மெத்தையைப் போட்டால் உயரம் ஆறு அங்குலம் கூடிவிடுவதால், முதியோர் இறங்குகையில் தடுமாற நேரும். அடியில் பொருள் வைக்கும் பெட்டிக் கட்டில்கள் இடத்தை மிச்சப்படுத்துபவை என்றாலும், மெத்தையின் அடிப்பக்கம் காற்றுப்படாமல் கடலோர ஊர்களில் பூஞ்சணம் பிடிக்கும். மேற்பலகையில் துளைகள் இடுவதோ இடைவெளி விட்ட சட்டங்களை அமைப்பதோ இதைத் தவிர்க்க உதவும்.

மரத்தில் கவனிக்க வேண்டியது பெயரைவிட வைரமே. மரத்தின் நடுவிலுள்ள முதிர்ந்த பகுதியான வைரக்கட்டையைக் கரையான் எளிதில் தொடாது. அதைச் சூழ்ந்த வெளிறிய சாற்றுக்கட்டை, தேக்கானாலும் உளுத்துப்போகும். மெல்லிய மரத்தாள்களை ஒட்டிச் செய்யும் பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற முத்திரை பொதுப் பயன்பாட்டுக்கும், ஐ.எஸ். 710 நீரைத் தாங்கும் கடல்தர வகைக்கும் உரியவை. மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய துகள்பலகை விலை குறைந்தது. ஆனால் ஈரத்தில் உப்பும், கழற்றி மாட்டும்போது திருகாணிப் பிடிப்பு தளரும் என்பதால், அடிக்கடி வீடு மாறும் வாடகைக் குடும்பங்களுக்கு அது ஏற்றதன்று. எந்தப் பலகை என்பதை மினுக்கும் முகப்பு காட்டாது. இழுப்பறையை வெளியே எடுத்து, அதன் அடிப்பக்கத்தையும் மூடப்படாத விளிம்பையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

கையிருப்பு போதாதபோது முதற்செலவு மெத்தைக்கே உரியது; இரவு முழுவதும் உடலைத் தாங்குவது அதுவேயாகையால், எளிய இரும்புக் கட்டிலின் மேல் கிடக்கும் நல்ல மெத்தை, செதுக்கு வேலைப்பாடுள்ள கட்டிலின் மேல் கிடக்கும் மட்டமான மெத்தையைவிட மேலானது. அலங்கார மேசையும் பக்க மேசைகளும், அந்த அறையில் சில மாதம் புழங்கி உண்மையான தேவை தெளிந்த பின் வாங்கத்தக்கவை.